புதிய பேஸ் ஆம்ப்ளிஃபயரா, ப்ரீஆம்ப் பெடலா? 30,000 ரூபாயில் எது முதலில்?

2 ஜூன் 2024, காவேரிப்பட்டணத்திலிருந்து கேள்வி

என்னிடம் இருப்பது நான்கு கம்பி பேஸ் கிட்டார்; பேட்டரி போடாத பாசிவ் வகை. வீட்டில் 20 வாட் பயிற்சி ஆம்ப்ளிஃபயர் ஒன்று இருக்கிறது. எங்கள் மெல்லிசைக் குழு கிருஷ்ணகிரி, பர்கூர், பாலக்கோடு பக்கம் மாரியம்மன் பண்டிகைகளிலும் கல்யாண வரவேற்புகளிலும் வாசிக்கிறது. மேடையில் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. கீழே உட்கார்ந்திருப்பவர்களோ பேஸ் வெறும் கும்மென்று கேட்கிறது, என்ன சுரம் என்றே தெரியவில்லை என்கிறார்கள். 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். பெங்களூருவில் ஒரு கடையில் 100 வாட் காம்போ காட்டினார்கள். குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன், ப்ரீஆம்ப் பெடல் ஒன்று வாங்கினால் போதும், ஆம்ப்ளிஃபயரே தேவைப்படாது என்கிறார். பெடல் ஆம்ப்ளிஃபயருக்கு ஈடாகுமா? எதை வாங்கலாம் அண்ணா?

3 ஜூன் 2024

தம்பி, நீங்கள் சொல்லியிருப்பவை இரண்டு தனித்தனிக் குறைகள். உங்கள் வாசிப்பு உங்களுக்குக் கேட்காதது மேடை மானிட்டரை, அதாவது வாசிப்பவர்களுக்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கரைச் சேர்ந்தது. கீழே இருப்பவர்களுக்குக் கும்மென்று கேட்பது கிட்டாரிலிருந்து மிக்சர் வரை போகும் லைனைச் சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் முதல் குறை தீரும், இரண்டாவது பெரும்பாலும் அப்படியே இருக்கும். பெடல் வாங்கினால் இரண்டாவது தீரும், முதலாவது தானாகத் தீராது.

பெடல் ஆம்ப்ளிஃபயருக்கு ஈடாகாது. பேஸ் காம்போ என்ற பெட்டிக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலை வாங்கி, அதன் அளவைக் கூட்டி, பேஸ், மிட், ட்ரெபிள் திருகுகளால் அதன் குணத்தை அமைப்பது ப்ரீஆம்ப். ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு அதற்கு வலுக்கொடுப்பது பவர் ஆம்ப். மூன்றாவது ஸ்பீக்கர். பெடலில் இருப்பது முதல் பகுதி மட்டுமே. அதை நேராக ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் செருகினால் கேட்கும்படியாக எதுவும் வராது. மிக்சரிலோ, உள்ளேயே பவர் ஆம்ப் கொண்ட ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ, வேறொரு ஆம்ப்ளிஃபயரின் ரிட்டர்ன் துளையிலோ (நேராகப் பவர் ஆம்புக்குப் போகும் உள்ளீடு) கொடுத்தால்தான் அது பேசும்.

இருந்தாலும் உங்கள் நிலையில் முதலில் வாங்க வேண்டியது டிஐ வெளியீடு (சிக்னலை மைக் கேபிளில் நேராக மிக்சருக்கு அனுப்பும் துளை) உள்ள ப்ரீஆம்ப் பெடல் என்பதே என் கருத்து. நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் எந்தப் பண்டிகை மேடைக்குப் போனாலும் மைக்செட்காரர் 18 அங்குல பேஸ் பாக்ஸ்களை அடுக்கித்தான் வைத்திருக்கிறார். பந்தல் முழுவதும் கேட்க வைப்பது அவருடைய பெட்டிகளின் வேலை. 100 வாட் காம்போவை அதற்குப் பக்கத்தில் வைத்துக் கீழே இருப்பவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை. உங்களிடமிருந்து அவருக்குப் போகும் சிக்னல் ஒழுங்காக இருந்தால் போதும். இன்று அது ஒழுங்காகப் போகவில்லை.

3 ஜூன் 2024, இரவு

கீபோர்டு அண்ணன் சொன்னதை முழுவதும் தள்ள முடியாது. ஆம்ப்ளிஃபயர் தேவைப்படாது என்பது, மைக்செட்காரர் உங்கள் பக்கம் ஒரு மானிட்டர் பெட்டி வைத்து, அதில் உங்கள் பேஸையும் கொடுக்கும் மேடைகளுக்கு உண்மை. பெரிய வரவேற்புகளில் கொடுப்பார்கள். கிராமத்து மேடையில் மானிட்டர் பாடகர்களுக்கு முன்னால் மட்டும் இருக்கும். முன்பணம் பேசும்போதே பேஸுக்கும் ஒரு மானிட்டர் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடுவது, மேடை ஏறிய பிறகு கெஞ்சுவதைவிட நல்லது.

5 ஜூன் 2024

லைன் என்று மேலே எழுதியதை விளக்குமாறு ஊத்தங்கரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

காரிமங்கலம் பக்கம் ஒரு பண்டிகை மேடையில் நான் கண்டதைச் சொல்கிறேன். மிக்சர் மேடைக்கு எதிரே, தேர் நிற்கும் இடத்தைத் தாண்டி, ஒரு வேனுக்குள் இருந்தது. மைக்செட் பையன் ஒரு நீளமான ஜாக் கார்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினான். 25 மீட்டருக்குக் குறையாத கார்டு. அதைக் கிட்டாரில் செருகியவுடன், வீட்டில் நான் கேட்டுப் பழகிய கம்பியின் தெளிவு போய், ஒரு போர்வைக்குள்ளிருந்து வருவது போன்ற ஓசைதான் பாக்ஸில் வந்தது. மிக்சரில் ட்ரெபிளை முழுவதும் ஏற்றிப் பார்த்தார்கள். இரைச்சல் ஏறியதே தவிரத் தெளிவு வரவில்லை.

காரணம் எளிமையானது. பாசிவ் பிக்கப் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிச் செய்தது. அதன் மின் எதிர்ப்பு அதிகம். அது தன் குணம் கெடாமல் பேச வேண்டுமானால், எதிரே இருக்கும் உள்ளீட்டின் எதிர்ப்பு 10 லட்சம் ஓம் அளவில் இருக்க வேண்டும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் அது சுமார் 10,000 ஓம்தான். அதோடு ஜாக் கார்டு ஒவ்வொன்றும் ஒரு சிறு கப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் என்று வைத்தால் 25 மீட்டருக்கு 2,500 ஆகிறது. உயர் அதிர்வெண்கள் முழுவதும் அந்தக் கார்டிலேயே வடிந்துபோகின்றன. கம்பியை விரல் தொடும் ஓசையும் சுரத்தின் ஓரமும் அந்த உயர் அதிர்வெண்களில்தான் இருக்கின்றன. அவை போன பிறகு மிஞ்சுவது நீங்கள் சொன்ன கும்மென்ற ஓசை.

டிஐ வெளியீடு உள்ள பெடல் இதை மேடையிலேயே முடித்துவிடுகிறது. கிட்டாரிலிருந்து பெடலுக்கு 3 மீட்டர் கார்டு போதும். பெடல் அந்தச் சிக்னலைக் குறைந்த எதிர்ப்புள்ளதாகவும், மைக் கேபிளில் வெளி இரைச்சல் ஒட்டாமல் போகக்கூடிய பேலன்ஸ்டு சிக்னலாகவும் மாற்றுகிறது. அதற்குப் பிறகு வேன் 50 மீட்டர் தள்ளி நின்றாலும் குணம் கெடாது. மூன்று பின் மைக் கேபிள் எல்லா மைக்செட்காரரிடமும் இருக்கிறது.

நேராக மிக்சருக்குக் கொடுத்தால் பேஸுக்கு உயிர் இருக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் நேரடியாகத்தான் பதிவானது. உலகத்தில் பேஸ் வாசிக்கும் எவரும் இன்றும் கேட்டுக் கற்கும் வாசிப்பு அது.

9 ஜூன் 2024

ஓசூர் வாசகர், 30,000 ரூபாயைப் பெடலில் போடுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் சேர்த்து 200 வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் ஓசை இரட்டிப்பாகும் என்கிறார். ஆகாது. வாட் இரட்டிப்பானால் ஓசை 3 டெசிபல்தான் கூடும். கூர்ந்து கேட்டால் தெரியும் அளவு அது. காதுக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தோன்ற வேண்டுமானால் வாட் ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும். அதே பணத்தில், அதே வாட்டுக்கு அதிக ஓசை தரும் ஸ்பீக்கரோ, இன்னொரு ஸ்பீக்கரோ சேர்த்தால் அதைவிடப் பலன் அதிகம்.

பேஸுக்கு மட்டும் இவ்வளவு வாட் ஏன் தேவைப்படுகிறது என்றும் கேட்டிருந்தார். நான்கு கம்பி பேஸின் அடிக்கம்பி, திறந்த நிலையில் நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அந்த அளவு தாழ்ந்த ஓசைக்கு நம் காது மந்தமானது. இதை பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933ஆம் ஆண்டிலேயே அளந்து வெளியிட்டார்கள். பாடகரின் குரலுக்குச் சமமாக அடிக்கம்பி கேட்க வேண்டுமானால் அதைவிடப் பல மடங்கு வலுவைக் காற்றில் கொட்ட வேண்டும்.

ஆம்பெக் நிறுவனம் 1969ஆம் ஆண்டு 300 வாட் எஸ்விடி ஆம்ப்ளிஃபயரையும், 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட பெட்டியையும் செய்ததற்குக் காரணம் அதுதான். அந்தக் காலத்துக் கச்சேரி ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் குரலுக்காகவே இருந்தன. கூட்டத்தின் கடைசி வரிசை வரை பேஸைக் கொண்டுபோகும் பொறுப்பு மேடையில் இருந்த அந்தப் பெட்டியின் தலையில் விழுந்தது. இன்று நம்மூர்ப் பந்தலில் அந்தப் பொறுப்பை மைக்செட்டின் பேஸ் பாக்ஸ் ஏற்றுக்கொண்டுவிட்டது. மேடை ஆம்ப்ளிஃபயரின் வேலை வாசிப்பவரின் காதுக்கும், பக்கத்தில் தபலா வாசிப்பவரின் காதுக்கும் கேட்க வைப்பதோடு நின்றுபோனது. அந்த வேலைக்கு 300 வாட் வேண்டியதில்லை.

10 ஜூன் 2024

எடையை எவரும் பேசவில்லை. மேலே சொன்ன எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவுக்கு மேல். கிளாஸ்-டி பவர் ஆம்பும் நியோடிமியம் காந்த ஸ்பீக்கரும் வந்த பிறகு காம்போக்கள் வெகுவாக இளைத்துவிட்டன. ஆனால் அவை பெரும்பாலும் உங்கள் தொகைக்குள் வராது. குறைந்த விலையில் கிடைக்கும் 100 வாட் காம்போவைக் காவேரிப்பட்டணத்தில் டவுன் பஸ்ஸில் ஏற்றி, கிருஷ்ணகிரியில் இறக்கி, மறுபடி பர்கூர் வண்டியில் ஏற்றுவதை நினைத்துப் பாருங்கள். பெடல் கிட்டார் உறையின் பக்கப் பைக்குள் போய்விடும்.

16 ஜூன் 2024

இன்றைய கேள்வி: பெடல் வைத்தும் ஒரு உறுமல் ஓயாமல் கேட்கிறது, மிக்சரில் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துவிடலாமா?

குறைக்காதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் அடிக்கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். உறுமலின் இரண்டாவது படி 100 ஹெர்ட்ஸ். திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். மிக்சர் திருகால் உறுமலைப் பிடிக்கப் போனால் ஜி சுரத்தையே கையோடு பிடுங்கிவிடுவீர்கள். உறுமல் புறப்படும் இடத்திலேயே அதை நிறுத்த வேண்டும்.

முதலில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். நீங்கள் திரும்பும்போது உறுமல் கூடிக் குறைந்தால் அது பிக்கப்பிலிருந்து வருகிறது. இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள ஜாஸ் வகைப் பேஸில் இரண்டு வால்யூமையும் முழுவதும் திறந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எப்படித் திரும்பினாலும் மாறாமல் இருந்தால், மேடைக்கும் மிக்சருக்கும் இடையில் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று பொருள். அப்போது பெடலின் பக்கத்தில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை மாற்றுங்கள். அது மைக் கேபிளின் உறைக்கம்பியை மட்டும் துண்டிக்கிறது, வேறெதையும் தொடுவதில்லை.

ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உறுமலை நிறுத்துவதற்காக ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டர் போடுவதும் நம் பக்கத்தில் பரவலான பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். உங்கள் விரல் கம்பியில் இருக்கிறது, கம்பி ஆம்ப்ளிஃபயரின் உடலோடு இணைந்திருக்கிறது, உதடு மைக்கைத் தொடுகிறது. ஆடி மாதத்து மழையில் நனைந்த தரையில், ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், எர்த் இல்லாத ஒரு பெட்டி உயிரை வாங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மேடைக்குச் சிறு பெடலை எனக்குப் பிடிக்கிறது: 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் பெடல் என்றால் அதற்காக மேடையின் பிளக்கில் எதையும் செருக வேண்டாம். சில பெடல்கள் மிக்சர் மைக் கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் பான்டம் மின்சாரத்திலேயே ஓடிவிடும்.

23 ஜூன் 2024

தம்பி, இடையில் நீங்கள் எழுதிய ஒரு விவரம் என்னை மறுபடி யோசிக்க வைத்தது. உங்கள் குழு பயிற்சி எடுப்பது மாங்காய் மண்டிக் கொட்டகையில், பருவம் முடிந்து காலியானவுடன் அங்கே போய்விடுவீர்கள், அங்கே முழு டிரம் செட் இருக்கிறது, மைக்செட் கிடையாது.

அப்படியானால் பெடல் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கொட்டகையில் ஒன்றும் செய்ய முடியாது. 20 வாட் ஆம்ப்ளிஃபயர் டிரம்முக்கு முன்னால் நிற்காது. நன்றாக அடிக்கும் டிரம் வாசிப்பாளரோடு திணறாமல் வாசிக்க 200 வாட்டிலிருந்து 300 வாட் வரை வேண்டும் என்பது பேஸ் வாசிப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 100 வாட் காம்போ அங்கே போதுமா என்பது டிரம் வாசிப்பவரின் கையைப் பொறுத்தது. பயிற்சியில் சுரமும் காலமும் கேட்காமல் வாசித்தால் மேடையில் எந்தப் பெடலும் காப்பாற்றாது. ஆகவே ஆம்ப்ளிஃபயர் தேவைதான். ஆனால் புதியதாக இருக்க வேண்டியதில்லை, முதலிலும் வாங்க வேண்டியதில்லை.

அதற்கு முன் செலவில்லாத இரண்டு வழிகளைச் செய்து பாருங்கள். மேடையில் உங்கள் குழு எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கிறது என்றால் பயிற்சியிலும் டிரம் செட்டை விட்டுவிட்டு அந்தப் பேடையே வையுங்கள். அதன் ஓசையைத் திருகால் குறைக்கலாம் என்பதால் உங்கள் மொத்தத் தேவையும் இறங்கிவிடும். அடுத்து, பாடகருக்காக 12 அங்குல ஆக்டிவ் ஸ்பீக்கர் குழுவில் இருந்தால், பெடலின் வெளியீட்டை அதில் கொடுத்து அளவாக வாசியுங்கள்.

தகரக் கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல். மண்டிக் கொட்டகையின் நீள அகலங்களும் ஏறக்குறைய அந்த அளவிலோ அதன் மடங்கிலோ அமைந்துவிடுவதால், ஒரு மூலையில் பேஸ் பெருத்து அதிரும், சில அடி தள்ளி நின்றால் காணாமல் போகும். ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்வதற்கு முன் அதை மூலையிலிருந்து வெளியே இழுத்து, ஒரு ஸ்டூல் மேல் வைத்துக் கேளுங்கள். தரையில் வைத்த பெட்டி உங்கள் முழங்காலுக்கு வாசிக்கிறது. ஸ்டூல் மேல் வைத்தால் காதுக்கு வாசிக்கும்.

30 ஜூன் 2024

எந்தப் பெடல் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கடை போடும் எண்ணம் எனக்கில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வகைக்கு வழிகாட்டியது டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப். முதல் சான்ஸ்ஆம்ப் 1989ஆம் ஆண்டு வந்தது. பேஸுக்கென்றே செய்த பேஸ் டிரைவர் டிஐ 1992இல் வந்தது. அதே பாணியில் பெரிங்கர் நிறுவனம் செய்யும் பிடிஐ21 விலை மிகக் குறைவு. பிளாஸ்டிக் உடல் என்பதால் காலால் மிதிக்கும்போது மென்மை வேண்டும். முதலில் அதை வாங்கி டிஐ வழி உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதில் தவறேதும் இல்லை. 30,000 ரூபாயில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

பெயரைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று பின் டிஐ வெளியீடும், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சும், ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தைப் போலச் செய்யும் வசதியும். உண்மையான பேஸ் ஸ்பீக்கர் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் வெளியிடாது. நேராக மிக்சருக்குப் போகும்போது அந்த வடிகட்டல் இல்லாவிட்டால் கம்பியின் கிறீச்சொலி எல்லாம் பாக்ஸில் வரும்.

வாங்கிய பிறகு பேஸ் திருகை ஏற்றாதீர்கள். இதைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். பந்தலில் தாழ்ந்த ஓசைக்குப் பஞ்சமே இல்லை. பெடலில் மிட் திருகு இருந்தால் அதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சுரம் இன்னதென்று காதுக்குத் தெரிவிப்பது மிட்தான். வீட்டில் தனியாகக் கேட்கும்போது மூக்கால் பேசுவது போல இருக்கும். தபலாவும் பேடும் கீபோர்டும் சேர்ந்தவுடன் சரியான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று, இதற்குப் பெடலும் ஆம்ப்ளிஃபயரும் மருந்தில்லை. நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்கள் பலவற்றில் தனியாகப் பேஸ் வாசிப்பவர் இல்லாததால், கீபோர்டு வாசிப்பவர் இடது கையால் பேஸையும் சேர்த்து வாசித்துப் பழகியிருப்பார். நீங்கள் குழுவில் சேர்ந்த பிறகும் அந்த இடது கை அதே இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தால், ஒரே தாழ்ந்த இடத்தில் இரண்டு பேர் மோதுகிறீர்கள். இருவருக்கும் இடையில் துளி காலம் பிசகினாலும் கீழே இருப்பவருக்குக் கும்மென்றுதான் கேட்கும். இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பேஸ் தனியாக ஒரு வரி பாடும் என்பது தெரியும். அந்த வரிக்கு இடம் வேண்டும். கீபோர்டு அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். மேடையில் சொல்லாதீர்கள், பயிற்சியின்போது மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, இந்தப் பாட்டுக்கு இடது கையை மேலே வைத்துக்கொண்டால் எனக்கு உதவியாக இருக்கும்." ஒரு பாட்டில் செய்துபார்த்தால் அவரே வித்தியாசத்தைக் கேட்டுவிடுவார்.

7 ஜூலை 2024

பர்கூர் வாசகர் ஒருவர், பெடலை 20 வாட் ஆம்ப்ளிஃபயரின் முன் உள்ளீட்டில் கொடுத்தேன், ஓசை இரட்டை மேக்கப் போட்டது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இரண்டு ப்ரீஆம்ப் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் அப்படித்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ரிட்டர்ன் துளை இருந்தால் அதில் கொடுங்கள். அதன் ப்ரீஆம்பைத் தாண்டிப் போய்விடும். இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயரின் திருகுகளை நடுவில் நிறுத்தி, கெயினை இறக்கி, பெடலில் மட்டும் மாற்றுங்கள்.

14 ஜூலை 2024

தம்பி, பெடல் வாங்கிவிட்டீர்கள், ஓசூரில் பழைய காம்போ ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள் என்று எழுதியிருப்பது மகிழ்ச்சி. ரிட்டர்ன் துளை இருக்கும் காம்போவாகப் பாருங்கள். நீங்கள் பழகிய பெடலின் ஓசை அப்படியே அதிலும் வரும்.

உங்கள் கிட்டாரையும் உங்கள் கார்டையும் கொண்டுபோங்கள். ஒவ்வொரு திருகையும் முழுச்சுற்றுச் சுற்றிக் கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். லேசான கரகரப்பு தூசிதான், கிளீனர் ஸ்ப்ரேயில் போய்விடும். திறந்த அடிக்கம்பியை மெல்ல வாசித்து, ஓசையைப் படிப்படியாக ஏற்றுங்கள். ஏதோ ஒரு இடத்தில் சளசளவென்று வந்தால் முதலில் முன்பக்கத் தட்டியையும் திருகாணிகளையும் கையால் அழுத்திப் பாருங்கள். நிற்காவிட்டால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கூம்பின் இரண்டு பக்கமும் விரல் வைத்து ஒரே சீராக உள்ளே தள்ளுங்கள். உரசும் உணர்வு வந்தால் சுருள் இடம் மாறியிருக்கிறது, அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகும் அதே ஓசை நிற்கிறதா என்று கேட்காமல் பணத்தை எடுக்க வேண்டாம். பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பெட்டிகளில் அது பெரும்பாலும் போயிருக்கும், புது வயர் போட்டுக்கொள்ளலாம்.

காம்போவின் டிஐ வெளியீடு வேலை செய்யவில்லை என்றால் அதற்காக வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். அந்த வேலைக்கு உங்களிடம் பெடல் இருக்கிறது. விற்பவரிடம் அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.